ஜாங்கிரியின் காதும் என் காதும்

தொலைபேசி இலாகாவில் 36 வருஷம் வேலை பார்த்தவன் நான் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கம்பத்தில் ஏறி, டெஸ்ட் போனைக் காதில் வைத்து, "ஹலோ, கேக்குதா?" என்று ஊரையெல்லாம் விசாரித்தவன். அப்படிப்பட்டவனுக்கே காது சரியாகக் கேட்கவில்லை என்று வீட்டில் இரண்டு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசறீங்க" என்பேன். கடைசியில் அதை நிரூபித்தது ஒரு கிலோகூடத் தேறாத ஒரு பிராணி.

அதன் பெயர் ஜாங்கிரி. அதன் தங்கை பூந்தி. இரண்டும் கினி பிக். மூன்று வருஷத்துக்கு முன் பேத்தியின் பிறந்தநாளுக்கு என் மகன் வாங்கி வந்தான். ஒன்றுதான் வாங்குவதாக இருந்தது. "இது கூட்டமா வாழற ஜாதி, தனியா விட்டா ஏங்கிப்போயிடும்" என்று யாரோ சொல்ல, இரண்டாக வந்தது. சொன்னவர் சொன்னது சரிதான். சுவிட்சர்லாந்தில் இதைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று 2008 முதல் சட்டமே இருக்கிறதாம்.

சீமைப் பெருச்சாளி என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. ஆனால் இது பெருச்சாளியும் இல்லை, கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை, பன்றியும் இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துக்காரன். அங்கே ஆயிரக்கணக்கான வருஷமாக வீட்டில் வளர்க்கிறார்கள், சாப்பிடவும் செய்கிறார்கள். நம் தலைமுறைக்கு இதைப் பரிசோதனைக்கூடத்துப் பிராணியாகத்தான் தெரியும். பேத்தி தலைமுறைக்கு இது மடியில் உட்கார்ந்து கொத்தமல்லி தின்னும் செல்லம்.

போன மே மாதம் பேத்தி அவள் அம்மாவோடு கோயம்புத்தூருக்குப் போனாள். மூன்று வாரம். கிளம்பும்முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். பதினொரு வயசுப் பெண், ஆபீஸ் சர்க்குலர் மாதிரி நம்பர் போட்டு எழுதியிருந்தாள். காலை ஏழு மணிக்குக் கொத்தமல்லியும் குடைமிளகாயும். புல் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் தினமும் கழுவ வேண்டும். ஆறாவது, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சமையல் தராசில் நிறுத்து எழுத வேண்டும். ஏழாவது, காதைப் பார்க்க வேண்டும்.

"காதுல என்னம்மா பாக்கறது?" என்று கேட்டேன். "சும்மா பாருங்க தாத்தா. அழுக்கு இருக்கான்னு, நாத்தம் வருதான்னு" என்றாள். சரி என்றேன். முதல் இரண்டு ஞாயிறும் நிறுக்கவில்லை, காதையும் பார்க்கவில்லை. தின்கிற பிராணிக்குத் தராசு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

கினி பிக் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சத்தம் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும், பிளாஸ்டிக் கவர் சரசரக்கும். உடனே கூண்டிலிருந்து "வீக், வீக், வீக்" என்று விசில் மாதிரி கத்தும். மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு அது நன்றாகக் கேட்டது. பிறகு எப்போது கேட்காமல் போயிற்று என்று எனக்கே தெரியாது.

இரண்டாவது வாரம் சனிக்கிழமை பேத்தி வீடியோ காலில் வந்தாள். நான் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் கொத்தமல்லியுமாகக் கூண்டின் முன்னால் நின்றேன். அவள் சட்டென்று கேட்டாள்: "தாத்தா, பூந்தி மட்டும்தானே கத்துது? ஜாங்கிரி ஏன் கத்தல?"

எனக்கு இரண்டுமே கேட்கவில்லை. ஆனால் நான் சொன்னது: "ரெண்டும்தாம்மா கத்துது. போன்ல உனக்குச் சரியா விழல."

இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது. தெரியாமல் செய்த தவறு என்று சொல்ல முடியாது. தெரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்பட்டுச் சொன்ன பொய்.

மறுநாள் ஞாயிறு, ஜாங்கிரி பின்னங்காலால் வலது காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. நடுநடுவே தலையை உதறியது. தூக்கிப் பார்த்தேன். காதின் உட்புறம் பழுப்பாகக் கொஞ்சம் பிசுக்கு. குறும்பிதான் என்று முடிவு கட்டினேன்.

குறும்பிக்கு வைத்தியம் நமக்குத் தெரியாதா? மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். காது வலி என்றால் அம்மா நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, சங்கில் எடுத்துக் காதில் விடுவாள். அரிப்பு என்றால் கோழி இறகு. அவசரத்துக்குத் தீக்குச்சி, ஹேர்பின். அந்தக் கைராசியில் நானும் வெதுவெதுப்பாகத் தேங்காய் எண்ணெய் மூன்று சொட்டு விட்டேன். "கேக்காம எதுக்குங்க விடறீங்க?" என்றாள் மனைவி. அது மட்டும் எனக்குக் கேட்டது. பதில் சொல்லவில்லை.

திங்கள் காலை ஜாங்கிரியின் தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. சுளுக்கு என்று நினைத்தேன். மத்தியானம் பார்த்தால், நேராக நடக்கப் பார்த்து வட்டமாகச் சுற்றியது. ஒரு தடவை பொத்தென்று விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் கால்களை உதைத்தது. கொத்தமல்லியை மூக்கில் வைத்தும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டு மருந்து டப்பாவில் பேத்தியின் தொண்டை வலிக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்து ஒன்று இருந்தது. அதில் இரண்டு சொட்டு கொடுக்கலாமா என்று கையில் எடுத்துவிட்டேன். மனைவி பிடுங்கி வைத்துவிட்டாள். "எண்ணெய் விட்டது போதும்." அன்று அவள் பிடுங்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சாயங்காலம் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். "நாங்க நாய், பூனைதான் சார் பாக்கறோம். இதுக்கு வேப்பேரி போயிடுங்க, நாளைக்குக் காலைலயே போங்க" என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு டாக்சி. பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டு விரித்து, இரண்டையும் சேர்த்தே வைத்தேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேப்பேரி வரை வழியெல்லாம் கூடை என் மடியில். பூந்தி அக்காவை ஒட்டிக்கொண்டே வந்தது.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அந்தச் சாலையில் எத்தனையோ தடவை கேபிள் வேலைக்காகப் போயிருக்கிறேன். உள்ளே போனது அன்றுதான் முதல்முறை. ஆடு, மாடு, ஒரு கிளி, கட்டுப்போட்ட நாய்கள் என்று ஒரு கிராமமே வரிசையில் நின்றது. எங்களைப் பார்த்த டாக்டர் இளம்பெண். முதலில் தராசில் வைத்தார். 760 கிராம். பேத்தியின் நோட்டைக் காட்டினேன். அவள் கடைசியாக எழுதியது 870. "வாராவாரம் நிறுத்திருந்தா போன வாரமே தெரிஞ்சிருக்கும் சார்" என்றார். திட்டவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

கண்ணைப் பார்த்தார். கருவிழி பக்கவாட்டில் துடித்துக்கொண்டிருந்தது. டார்ச் வைத்த கருவியைக் காதில் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து, "எண்ணெய் விட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். அதைத் துடைத்தெடுத்தால்தான் செவிப்பறையைப் பார்க்க முடியும் என்று நிதானமாகத் துடைத்தார். பிறகு எக்ஸ்ரே. வலது பக்கம் நடுக்காதைச் சுற்றியுள்ள எலும்புக் குமிழ் காற்றோடு கருப்பாகத் தெரிய வேண்டுமாம். அது வெளுத்துப்போய் அடைத்திருந்தது. நடுக்காதில் சீழ், அங்கிருந்து உள்காதுவரை பாதிப்பு. உள்காதுதான் உடம்பின் சமநிலைக்கும் பொறுப்பு. தலை சாய்வதும் சுற்றுவதும் அதனால்தான். சுளுக்கு இல்லை.

"எத்தனை நாளா சத்தம் போடல?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூடையைப் பார்த்தேன்.

அவர் விளக்கினார். இது மற்ற மிருகங்களுக்கு இரையாகிற ஜாதி. நோய் இருப்பதை வெளியே காட்டினால் காட்டில் அதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் கடைசி வரை மறைக்கும். கத்துவது குறைவது, தீனிக்கு ஓடி வராமல் மூலையில் உட்கார்ந்திருப்பது, எடை குறைவது, இவைதான் முதல் அறிகுறிகள். தலை சாய்ந்துவிட்டால் நோய் உள்ளே வெகுதூரம் போய்விட்டது என்று அர்த்தம்.

மருந்தெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, நான் கூடவே எடுத்துப்போன பாட்டிலைப் பார்த்தார். "நல்லவேளை, இதைக் குடுக்கல." அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்துகள் கினி பிக்குக்கு வாய்வழி கொடுத்தால் விஷம். புல் செரிக்க உதவும் நல்ல கிருமிகள் குடலில் செத்துப்போய், கெட்ட கிருமி பெருகி, சில நாளில் உயிரே போய்விடும். நமக்கு அமுதம், அதற்கு நஞ்சு. ஜாங்கிரிக்கு அவர் கொடுத்தது என்ரோஃப்ளாக்சசின். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம். அளவு எடையைப் பொறுத்தது என்பதால் நான் இங்கே எழுதவில்லை. யாரும் இதைப் பார்த்து மருந்து வாங்கவும் வேண்டாம்.

அன்று அங்கே கேட்டதையும் பிறகு படித்ததையும் பேரன் பேத்திகள் இந்தப் பிராணியை உங்கள் பொறுப்பில் விட்டுப் போகும் நாளுக்காக எழுதிவைக்கிறேன்.

நல்ல காது பூவிதழ் மாதிரி சுத்தமாக இருக்கும். உள்ளே லேசான மஞ்சள் குறும்பி இருப்பது தப்பில்லை. காதுக்குப் பின்னால் முடியில்லாமல் வழுக்கையாக ஒரு இடம் இருக்கும். அது பிறவியிலேயே அப்படித்தான், பயப்பட வேண்டாம். கெட்ட வாடை, சீழ், கருத்த பிசுக்கு, சிவப்பு, தொட்டால் சூடு, தொடவிடாமல் கத்துவது, இதில் எது இருந்தாலும் டாக்டர்.

ஓயாமல் சொறிந்தால் பேனோ, தோலுக்குள் துளைக்கும் சொறி உண்ணியோ இருக்கலாம். உண்ணியின் அரிப்பு சில சமயம் வலிப்பு வரும் அளவுக்குக் கொண்டுபோகும். அதற்குத் தனி மருந்து உண்டு. நாய்க்குப் போடும் பவுடரைத் தூவக் கூடாது. கூட வளரும் இன்னொன்றுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும்.

காது ஓரத்திலும் மூக்கைச் சுற்றியும் முடி உதிர்ந்து செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. இது நமக்கும் ஒட்டும். குழந்தைகள் தொட்டபின் கை கழுவ வேண்டும்.

ஜாங்கிரிக்கு வந்த நடுக்காது நோய் பெரும்பாலும் சளியிலிருந்து வருகிறது. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் சின்னக் குழாய் வழியாகக் கிருமி ஏறுகிறது. அதனால் வெளிக்காது பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். "தும்மிச்சா? கீழே என்ன விரிக்கறீங்க?" என்று கேட்டார். மரக்கடையிலிருந்து வாங்கிய இழைப்புத் தூள் என்றேன். அந்தத் தூசு மூச்சுக்கு ஆகாது, துணி விரியுங்கள் என்றார். முயலும் நாயும் தமக்கு ஒன்றும் இல்லாமலே இதைப் பாதிக்கும் கிருமியைச் சுமக்கும், ஒரே கூண்டில் முயலோடு விடாதீர்கள் என்றும் சொன்னார்.

காதுக்குள் பட்ஸ் விடக் கூடாது. எண்ணெய் கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எதை விட்டாலும் நேரே உள்ளே போய்விடும். டாக்டர் கொடுத்த திரவத்தில் பஞ்சை நனைத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் துடைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சாப்பாடு. இந்தப் பிராணியால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. அத்தோடு நம்மைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. தினமும் தீனியில் வர வேண்டும். நோய் வந்தால் கூடுதலாக வேண்டும்.

ஆக, அடுத்த பத்து நாள் நான் நர்ஸ். தீனி உருண்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாக ஒவ்வொரு மில்லியாகக் கொடுக்க வேண்டும். மென்று முழுங்கிய பிறகுதான் அடுத்தது. மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். விழுந்தால் அடிபடாமல் கூண்டில் பழைய போர்வையை மடித்துப் போட்டேன். சாய்ந்த தலைக்குப் பாட்டில் மூக்கு எட்டவில்லை. அந்தப் பக்கமாகத் தாழ்த்திக் கட்டினேன். கம்பிவேலை தெரிந்தவனுக்கு அது ஒன்றுதான் சுலபமாக இருந்தது.

வேப்பேரியிலிருந்து வந்த அன்று ராத்திரியே பேத்திக்குப் போன் செய்தேன். மகன் வேண்டாம் என்றான், "லீவை ஏம்பா கெடுக்கணும்?" என்றான். ஆனால் ஒரு பொய்யின் மேல் இன்னொன்றை அடுக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் விட்டதை, நிறுக்காததை, சனிக்கிழமை சொன்னதை. அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே தாத்தா. நான் அப்பவே பாட்டிகிட்ட சொல்லியிருப்பேன்ல" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜூனில் நானே காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார்த்தி, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் கோடு இடது பக்கம் நேராக வந்து, வலது பக்கம் மாடிப்படி மாதிரி இறங்கியது. வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் போகுமாம். தணிந்த சத்தம் நன்றாகவே கேட்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் மொட்டைமாடிக்கு மேலே போகும் விமானம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அதை வைத்துத்தான் காது நன்றாக இருக்கிறது என்று வாதாடிக்கொண்டிருந்தேன். குழந்தையின் குரலும் கினி பிக்கின் விசிலும் போய்விட்டிருந்தது.

இது சம்பந்தமாகப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. காது எப்படிக் கேட்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 1961-ல் நோபல் பரிசு வாங்கியவர் கியோர்க் ஃபான் பெகேஷி. ஹங்கேரிக்காரர். அவர் டாக்டர் இல்லை. புடாபெஸ்டில் தபால் தொலைபேசி இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். நம்ம டிபார்ட்மென்ட்! தொலைபேசிக் குரலைச் சரிசெய்யப் போய் மனிதக் காதுக்குள் நுழைந்தவர். பிறகு அவர் ஆராய்ந்த காதுகளில் கினி பிக்கின் காதும் ஒன்று. அதன் உள்காதின் நத்தைக்கூடு சுலபமாக எட்டும் என்பதால் கேள்வி பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் அதற்கு 50,000 வரை கேட்கும். என் காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மெஷினுக்குள் ஜாங்கிரியின் முன்னோர்களும் இருக்கிறார்கள். அதன் காதில் நான் விட்டதோ தேங்காய் எண்ணெய்.

ஜாங்கிரிக்கு மருந்து நாலு வாரம் போயிற்று. ஐந்தாம் நாள் தானாக ஒரு கொத்தமல்லிக் காம்பை இழுத்தது. இரண்டாவது வாரம் சுற்றுவது நின்றது. இப்போது 850 கிராம். தலை மட்டும் லேசாக வலது பக்கம் சாய்ந்தே இருக்கிறது. அது அப்படியே நின்றுவிடலாம், அதனால் கஷ்டமில்லை, பழகிக்கொள்ளும் என்றார் டாக்டர். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் இந்தச் சாய்வும் இருந்திருக்காதோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மெஷின் மாட்டிய முதல் நாள் பேப்பர் புரட்டும் சத்தமே காதை அறுத்தது. எரிச்சலாக இருந்தது, கழற்றிவிடலாமா என்று தோன்றியது. சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்து கவரை எடுத்தேன். கூண்டிலிருந்து சத்தம் வந்தது. பேத்தியைக் கூப்பிட்டு, "ரெண்டும் கத்துதாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்க தாத்தா."

கண்ணை மூடிக் கேட்டேன். ஒன்று கூர்மையாக, விடாமல். இன்னொன்று கொஞ்சம் கரகரப்பாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி. "ரெண்டு" என்றேன். ஆமாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நிறுப்பது இப்போது என் வேலை. காதும் பார்க்கிறேன்.